வேலம்பாசியும் ஒரு வாய் வெள்ளமும்

டீச்சர் வேலைக்குப் படித்தபோது எனக்கு ஒரு செல்லை வரையக் கற்றுக்கொடுத்தார்கள். கரும்பலகையில் ஒரு கட்டம் போட வேண்டும், அதற்குள் ஒரு பொட்டு வைக்க வேண்டும், முடிந்தது. கட்டம்தான் சுவர். பொட்டு நியூக்ளியஸ். பரீட்சையில் இரண்டையும் பற்றிக் கேள்வி வரும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வெற்று இடத்துக்கு சைட்டோபிளாசம் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் புத்தகம் அதற்காக ஒரு வரிக்கு மேல் செலவு செய்யவில்லை. கூழ் போன்ற பொருள், செல்லை நிரப்பி நிற்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. சாக்கில் உமி அடைப்பதுபோல ஏதோ ஒன்று என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நாகர்கோவிலிலிருந்து கடலுக்குப் போகும் ரோட்டோரம் இருந்த ஒரு மிஷன் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதற்காக யாரும் பயந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதிலும் முதல் வரிசையில் உட்காரும் வாய்த்துடுக்கான ஒருத்தி, நான் திட்டத் தொடங்கினால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதுபோல் கேட்பாள்.

செல் படம் வரைந்த அன்றைக்கு அவள்தான் எழுந்தாள்.

"டீச்சர், நடுவுல சும்மா கெடக்கே, அதுக்கு என்ன ஜோலி?"

"அதுக்கு ஒரு ஜோலியும் இல்ல. இரி."

"ஜோலி இல்லாம எதுக்கு அங்க கெடக்கு?"

நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் எனக்குக் கோபம் வந்தது. உட்கார் என்று இன்னொரு முறை சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

அந்த வருஷம் சீமையிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. பழைய உடுப்பு, நூல்கண்டு, கண்ணை மூடித் திறக்கும் பொம்மை என்று வழக்கமாக வருகிற பெட்டிதான். அந்தத் தடவை துணிகளுக்கு அடியில் பித்தளையில் ஒரு குழாயும், அதற்குக் கீழே சின்னக் கண்ணாடியும் வைத்த கருவி ஒன்று இருந்தது. தலைமை மிஸ்ஸியம்மா அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்து, பத்திரம் என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அதற்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகினேன்.

எதை வைத்துப் பார்ப்பது என்று யோசித்தபோது, ஊர்க்குளத்தில் வேலம்பாசி கிடக்கிறது, அதன் இலை கண்ணாடி மாதிரி மெல்லிசு என்று வாய்த்துடுக்கி சொன்னாள். மறுநாள் பாவாடை நனைய ஒரு கை நிறையக் கொண்டும் வந்தாள். ஒரு சின்ன இலையைக் கிள்ளி, ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீரோடு கண்ணாடித் துண்டில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

முதலில் கட்டங்கள் தெரிந்தன. நான் கரும்பலகையில் போடுகிற கட்டங்கள்தான், வரிசை வரிசையாக, செங்கல் அடுக்கியதுபோல். புத்தகத்தில் உள்ளது மெய்தான் என்று சந்தோஷப்பட்டேன். கட்டங்களுக்குள் பச்சை மணிகள் இருந்தன. திருகைக் கொஞ்சம் திருகியதும் படம் தெளிந்தது.

மணிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

நான் பின்னால் துள்ளியதில் நாற்காலி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ பூச்சி உள்ளே போய்விட்டது என்று நினைத்து வேறொரு இலையை வைத்தேன். அதிலும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பச்சை மணிகள் சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போய், மூலையில் திரும்பி, மறுபக்கமாக வந்துகொண்டிருந்தன. அவசரம் இல்லை, நிற்பதும் இல்லை. தேர் நாலு ரத வீதி சுற்றுவதுபோல் சுற்றின. மணிகளுக்குக் காலும் இல்லை, வாலும் இல்லை. அவற்றைச் சுமந்துகொண்டு ஓடியது, எந்த நிறமும் இல்லாத அந்தக் கூழ். ஒரு ஜோலியும் இல்லை என்று நான் சொன்ன அதே கூழ்.

கிள்ளிப் போட்ட ஒரு பாசி இலைக்குள் இவ்வளவு நடமாட்டமா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குளத்தில் நான் காலால் ஒதுக்கிவிட்டுக் குளித்த பாசி. மாட்டுக்கும் ஆகாத பாசி.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள், உள்ளே பேய் இருக்கிறதாம். வாய்த்துடுக்கி மட்டும் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"டீச்சர், கஞ்சி நடக்குவு!" என்று கத்தினாள்.

அதன் பிறகுதான் நான் அந்தப் பாடத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன். மிஸ்ஸியம்மாவிடம் ஒரு தடித்த புத்தகத்தை வாங்கி இரவல் அறிவோடு நின்றாலும், கண்ணால் பார்த்த தைரியம் இருந்தது. உயிருள்ளது எல்லாம் சின்னச் சின்ன அறைகளால் கட்டியது என்றேன். பாசியும் அப்படித்தான், வாழையும் அப்படித்தான், நீயும் நானும் அப்படித்தான். பாசியின் அறைக்குச் சுவர் கனம். நம்முடைய அறைக்கு அந்தக் கனத்த சுவர் கிடையாது, மெல்லிய தோல்தான். ஆனால் எல்லா அறைக்குள்ளும் இந்தக் கூழ் இருக்கிறது. பொட்டு உத்தரவு போடும், வேலை செய்வது கூழ். சாப்பாடு வந்தால் உடைப்பது அதற்குள்ளே, உடைத்ததைத் தேவையான மூலைக்குக் கொண்டுபோவதும் அதுவே. அடுக்களையும் சந்தையும் வண்டிப்பாதையும் அதற்குள் ஒன்றாகவே இருக்கின்றன. அந்தக் கூழில் பெரும்பங்கு தண்ணீர்.

"அப்பம் எனக்குள்ளயும் கஞ்சி நடக்குமா?" என்று கேட்டாள் வாய்த்துடுக்கி.

நடக்கிறது என்றேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் எனக்கு வேறொரு உலகம் காத்திருந்தது. அக்கா பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். அத்தானுக்குக் குலசேகரத்துப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை, மலையை விட்டு இறங்க லீவு கிடைக்கவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாதான் வயலையும் எங்களையும் பார்த்து ஆளாக்கியவள். அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். வேதக்காரர்கள், இந்துக்கள் என்று அதில் வேறுபாடு இல்லை. கோயிலில் ஆண்டவரை ஒரே மாதிரிக் கும்பிடாதவர்கள்கூட இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடந்தார்கள். பச்சை உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் வயிறு வீங்கும், ஜன்னி கண்டு ஆள் போய்விடும் என்று நம்பிக்கை. மருந்து உருண்டை விழுங்குவதற்கு ஒரு சங்கு வெந்நீர், அதோடு சரி. சாப்பாடு, வடித்த சோறும் மிளகும் பூண்டும். பால் ஊற வேண்டுமென்று பால்சுறாக் கருவாடு சுட்டு வைப்பார்கள். சுறா பால் சுரக்கவைக்கும் என்பார்கள். அது எப்படியோ, எங்கள் வீட்டுக்கு வந்த கருவாட்டில் உப்பு பூத்து வெள்ளையாக நின்றது.

அக்கா கிடந்த அறையில் ஜன்னல் அடைத்திருந்தது. கதவருகே அம்மா பாய் போட்டுக் காவல் இருந்தாள். மண்பானையைக்கூட அந்தப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தால், அக்கா உதட்டை நக்கிக்கொண்டே கேட்பாள்.

"ஏட்டி, ஒரு வாய் வெள்ளம் தாட்டி."

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா தலையை ஆட்டுவாள்.

"அவ கேக்கத்தான் செய்வா. கொடுத்திராத. வாயி கேக்குவு, வயிறு தாங்காது."

மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

"வெள்ளைக்காரிக்க வயிறு வேற, நமக்க வயிறு வேற" என்றாள் அம்மா. "ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா எனக்குப் புத்தி சொல்ல வந்திருவியா?"

அம்மா பொல்லாதவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்காக அவள் இரவெல்லாம் கண் மூடவில்லை, ஒரு பிடி சோறு ஒழுங்காகத் தின்னவில்லை. மகள் கேட்பதை மறுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அன்புதான் அங்கே கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால்தான் எனக்கும் அதைத் தாண்டத் தெரியவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் இப்படித்தானே பிழைத்தார்கள் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிழைக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கண் குழிந்தது. கன்னம் உள்ளே போனது. குழந்தை மார்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. அதைப் பார்த்து அக்காவும் அழுதாள். முகம் கோணியது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பாசியை நான் ஒரு சீசாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துகொண்டிருந்தேன். பள்ளியில் வைத்தால் கூட்டுகிறவள் அழுக்கு என்று கொட்டிவிடுவாள். வீட்டில் அம்மாவுக்கு அந்தச் சீசா பிடிக்கவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குள் வெளியிலிருந்து எது வந்தாலும், கீரையானாலும் கிழங்கானாலும், உப்புத் தண்ணீரில் முக்கித்தான் எடுப்பாள். உப்பு பட்டால் தோஷமும் போகும், அழுக்கும் போகும் என்பது அவள் கணக்கு. ஒரு காலையில் நான் குளிக்கப் போயிருந்தபோது, குளத்துப் பாசி இந்த வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு பிடி கல்லுப்பை எடுத்துச் சீசாவில் போட்டுவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

நான் சீசாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அன்றைக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் பார்க்க வந்திருந்தார்கள். வாய்த்துடுக்கி அவர்களுக்கு முன்பாகவே எல்லாவற்றையும் அளந்துவிட்டிருந்தாள். இலையை வைத்துக் குனிந்தேன்.

ஒன்றும் நகரவில்லை.

திருகைத் திருகினேன். கட்டங்கள் அப்படியே நின்றன. சுவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் சுவரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த கூழ், எல்லாப் பக்கமும் சுவரை விட்டுவிட்டு, நடுவில் சுருண்டு கிடந்தது. பச்சை மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொரு அறையிலும் அதே கோலம். பெரிய வீட்டின் மூலையில் முடங்கிக் கிடக்கும் நோயாளி மாதிரி இருந்தது.

நேற்று வரை ஓடியது. அதே குளம், அதே பாசி.

வாய்த்துடுக்கி என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், செத்துட்டா?"

நான் சீசாவை எடுத்து முகர்ந்தேன். ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது. உடனே புரிந்துவிட்டது, அம்மாவின் கைதான். கோபம் தலைக்கேறியது. கூடவே தடித்த புத்தகத்தில் எங்கோ படித்த ஒரு செய்தியும் ஏறியது. வெளியே உப்பு மிகுந்தால் அறைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறும், கூழ் சுருங்கும். சீக்கிரமே நல்ல தண்ணீர் கிடைத்தால் மீளவும் கூடும்.

"ஓடிப் போயி கெணத்துத் தண்ணி கொண்டா" என்றேன்.

கொண்டுவந்தாள். இலையை அலசி, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி வைத்தேன். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுருண்டு கிடந்த கூழின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. சுவரைத் தொட்டது. எல்லா அறையிலும் இல்லை, சில அறைகள் அப்படியே முடங்கிக் கிடந்தன. மற்றவற்றில் மூலை முடுக்கெல்லாம் கூழ் நிறைந்தது. அப்புறம் ஒரு பச்சை மணி அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"நடக்குவு! நடக்குவு!" என்று அவள் குதித்தாள். வகுப்பே குதித்தது.

எனக்கு அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் கன்னம் ஒட்டிய ஒரு முகம் வந்து நின்றது. உப்பு பூத்த கருவாடு. அப்புறப்படுத்திய மண்பானை. தண்ணீர் வராத அழுகை. நீயும் நானும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். வீட்டில் ஒருத்தி அறை அறையாகச் சுருங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, குடையைக்கூட எடுக்காமல், நடுரோட்டில் ஓடினேன். சேலை கட்டிய டீச்சர் ஓடுவதை ஊர் வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுக்களைக்குப் போய், ஆறவைத்திருந்த வெந்நீரைச் செம்பில் எடுத்தேன். அம்மா கதவை மறித்தாள்.

"எங்கட்டி போற? ஆருக்கு அது?"

"அக்காவுக்கு. வழிய விடும்மா."

"கிறுக்குப் பிடிச்சிட்டா ஒனக்கு? அவளக் கொல்லப் போறியா?"

"நீதான் கொல்லுத!"

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததும் அம்மா ஆடிப்போனாள். அப்படி ஒரு சொல்லை நான் அவளிடம் அதற்கு முன் சொன்னதில்லை. அவள் கை கதவிலிருந்து தானாக இறங்கியது. கத்துவாள், அடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. என்ன அது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனால் அக்கா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஒரு வாய் வெள்ளத்துக்காக அத்தனை நாள் கெஞ்சியவள், செம்பைக் கண்டதும் பயந்து உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்டி... வயிறு வீங்கிச் செத்திருவேன். பிள்ள தனியாயிரும்."

நான் பூதக்கண்ணாடியில் கண்டதை எந்த வார்த்தையில் அவளுக்குச் சொல்வது? உப்பு பட்டுப் பாசிக்குள் கஞ்சி நின்றுபோனது, நல்ல தண்ணீர் விட்டதும் நடந்தது என்று உளறினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. என் கையிலிருந்த செம்பைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "முதல்ல நீ குடி" என்றாள். நான் ஒரு மிடறு குடித்துக் காட்டினேன். பிள்ளை பெறாதவள் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை, நல்லவேளை. அதன் பிறகு அவள் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான்தான் பிடுங்கிப் பிடுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு முழுக்க அம்மா அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வீங்கும், இதோ வீங்கப்போகிறது என்று காத்திருந்தாள். நான் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க அவள் வாய் ஜெபத்தை முணுமுணுத்தது. தடுக்கவில்லை. கருவாட்டை எடுத்து வெளியே போட்டேன், அதையும் தடுக்கவில்லை.

தண்ணீரால் மட்டும் காய்ச்சல் விட்டது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸும் மறுநாள் வந்து மருந்து கொடுத்தாள். ஆனால் மறுநாள் குழந்தை அழுதபோது அக்காவும் அழுதாள், கன்னத்தில் வழிந்தது. அந்தக் கண்ணீரைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று அவள் கோபப்பட்டாள். பால் மெல்ல மெல்ல ஊறியது.

அக்கா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை அம்மா வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒனக்க பள்ளிக்கூடத்துல இருக்கே, அத எனக்குக் காட்டு."

பள்ளியில் யாரும் இல்லை. நான் இலையைக் கண்ணாடியில் வைத்து, ஒரு கண்ணை எப்படி மூடுவது என்று காட்டினேன். அம்மா குனிந்தாள். சேலைத் தலைப்பு கண்ணாடியில் விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு விறைத்தது.

"ஆண்டவரே" என்றாள். "ஓடுகே."

"ஓடத்தான் செய்யும்மா. நமக்குள்ளயும் இப்பிடி ஒண்ணு உண்டு."

"நீ அண்ணைக்குச் சொன்னது? உப்பு?"

அவள் மடியில் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். பிரித்தால் கல்லுப்பு. வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், அவளே அதில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தாள். நான் போட்டிருந்தால் இவ்வளவு போட்டிருக்க மாட்டேன். இலையின்மேல் அந்தத் தண்ணீரை அவள் கையாலேயே விட்டாள். மறுபடி குனிந்தாள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும். கூழ் சுவரை விடுகிறது. மணிகள் நெருக்குகின்றன. ஓட்டம் மெல்ல ஆகி நிற்கிறது. அம்மா நிமிரவில்லை. கண்ணைக் குழாயில் வைத்தபடியே பேசத் தொடங்கினாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும் என்றேன். ஜன்னி கண்டு செத்துப்போனாள் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள்.

"ஜன்னி இல்ல மக்கா. பிள்ள பெத்துக் கெடந்தா. எங்கம்மைக்கு வயல்ல அறுப்பு. கதவுக்கிட்ட என்னக் காவலுக்கு இருத்திட்டுப் போனா. வெள்ளம் கேட்டா கொடுத்திராத, தங்கச்சி செத்திருவா, நீதான் பாத்துக்கணும்னு சொன்னா. நான் நல்லாப் பாத்துக்கிட்டேன்."

அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"கேட்டுக்கிட்டே கெடந்தா. எக்கா எக்கான்னு. நான் குடுக்கல. பொறவு கேக்கிறத நிறுத்திட்டா. பிள்ளயக் குளிப்பாட்டின துணி ஈரத்தோட கெடந்திச்சு. நான் அங்கிட்டுத் திரும்பின நேரம் பாத்து அத எடுத்து வாயில வச்சுச் சப்பினா. நான் கண்டுட்டேன். ஓடிப்போயி வாயிலேர்ந்து பறிச்சேன். விடமாட்டேன்னு பல்லால கடிச்சா. நான் ரெண்டு கையாலயும் பறிச்சேன்."

அம்மாவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும் என்று நினைத்திருந்தேன். நீதான் கொல்லுத என்று நான் கத்திய அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளைத் தொட வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை.

"எங்கம்ம வந்து எனக்க தலையத் தடவினா. நல்ல பிள்ளன்னா. ராத்திரி தங்கச்சி செத்தா. நான் குடுத்திருந்தா அதுக்கு முன்னயே செத்திருப்பான்னு எல்லாரும் சொன்னா. நானும் அப்பிடித்தான் நெனச்சேன், இத்தன காலமும்."

வெளியே ரோட்டில் உப்பு வண்டி ஒன்று சலங்கை குலுங்கப் போயிற்று. அம்மா குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"இனி நல்ல வெள்ளம் ஊத்து. ஓடுகதப் பாக்கணும்."

கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன். இலையை அலசி, புதுத் தண்ணீர் விட்டு வைத்தேன். அவள் பார்த்தாள். நானும் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். கூழ் கிடந்த இடத்தில் கிடந்தது. உப்பு அதிகம், நேரமும் அதிகம். ஓர் அறையிலும் ஓரம் விரியவில்லை.

"ஓடலியே மக்கா" என்றாள்.

"நேரமாயிட்டும்மா. இனி ஓடாது."

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. மறுபடியும் குனிந்து குழாயில் கண்ணை வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்திப் பாரு."

நான் ஊற்றினேன்.